பனிக்குள் விழுந்த கோல்

பனி இறங்கியபோது நான் கோலில் நின்றுகொண்டிருந்தேன். முதலில் எதிர்ப்பக்கத்துக் கோல் கம்பங்கள் போயின. அடுத்தது நடு வட்டம். பிறகு, எனக்கு முன்னால் நின்ற பின்வரிசைப் பெண்கள் நான்கு பேரும் ஒருவர் பின் ஒருவராகக் காணாமல் போனார்கள். கடைசியில் என் கையுறைகள் மட்டும் மிஞ்சின. அவை மஞ்சள் நிறம் என்பதால் கொஞ்ச நேரம் தாக்குப் பிடித்தன.

நடுவர் விசிலை ஊதினார். ஆட்டத்தை நிறுத்தப் போகிறார் என்று நினைத்தேன். ஆனால் எல்லைக் கோட்டுக்கு வெளியே எங்கேயோ இருந்து எங்கள் பயிற்றுவிப்பாளரின் குரல் சிங்களத்தில் வந்தது. "நிறுத்த வேண்டாம், விளையாடுங்கள்! நாம் போகிற நாட்டிலும் மலைதான். அங்கேயும் பனி வரும்."

எந்த நாட்டிலும் இப்படிப்பட்ட பனியில் உதைபந்தாட்டம் நடத்துவதில்லை என்று அவருக்கு எடுத்துச் சொல்ல அங்கே ஆள் இல்லை. இருந்திருந்தாலும் அந்த ஆள் எங்கே நிற்கிறார் என்று தெரிந்திருக்காது.

போன வாரம் இந்தப் பத்தியில், என் காலுக்குக் கிடைத்த முதல் சப்பாத்தைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த மஸ்கெலியா வாசகி ஒருவர், "தேசிய அணியில் இருந்தேன், இருந்தேன் என்கிறீர்கள். சப்பாத்து வந்துவிட்டது, பஸ் வந்துவிட்டது, சாப்பாடும் வந்துவிட்டது. ஆட்டம் எப்போது வரும்?" என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. இந்த வாரம் ஆட்டம் வருகிறது. அதைப் பார்த்தவர்கள் யாரும் இல்லை என்பது மட்டும்தான் குறை.

உயரம் தேடி

சில வருஷங்களுக்கு முன்னால் பெண்கள் தேசிய அணிக்கு வெளிநாட்டுப் போட்டி ஒன்று வந்தது. நடக்கும் இடம் மலைநாடு. கடற்கரையில் ஓடிப் பழகியவர்களுக்கு அங்கே மூச்சு வாங்கும், அதனால் முன்கூட்டியே உயரமான இடத்தில் பயிற்சி எடுக்க வேண்டும் என்று மிஸ் சொன்னார். மிஸ் என்பது எங்கள் தலைமைப் பயிற்றுவிப்பாளர். அவருக்கு ஒரு பெயர் உண்டு. நாங்கள் யாரும் அதைப் பயன்படுத்தியதில்லை.

முதலில் நுவரெலியா என்று முடிவானது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மைதானத்தில் ஏதோ கண்காட்சிக்குக் கூடாரம் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஹற்றனுக்கு இறங்கினோம். அங்கே மைதானத்தை ஒரு கூட்டத்துக்குக் கொடுத்திருந்தார்கள். மேடையில் கதிரை அடுக்கிக்கொண்டிருந்தவர், கூட்டம் முடிந்ததும் தாராளமாக விளையாடலாம் என்றார். எப்போது முடியும் என்று கேட்டோம். அது பேச வருகிறவருக்கே தெரியாது என்றார்.

இப்படி உயரம் தேடி வந்த அணி, இறங்கி இறங்கிக் கடைசியில் றொசல்லவுக்குப் பக்கத்தில், எங்கள் தேயிலைத் தோட்டத்து மைதானத்தில் வந்து நின்றது. அந்த யோசனையைச் சொன்னது நான்தான். தோட்டத்தை நடத்துகிற துரையிடம் அனுமதி வாங்கியதும் நான்தான். தங்குவதற்குத் தோட்டப் பாடசாலை கிடைத்தது.

அந்தப் பயணத்தில் எனக்கு ஒரு காரியம் ஆக வேண்டியிருந்தது. விமானத்தில் கோல் காப்பாளர்களுக்கு இரண்டு இடம். நாங்கள் மூன்று பேர் இருந்தோம். மூத்தவருக்கு இடம் உறுதி. மற்ற இடம் எனக்கா, பியூமிக்கா என்பதுதான் கேள்வி. பியூமி குருநாகல் பக்கத்துப் பெண். என்னைவிட வயது குறைவு, உயரம் அதிகம். நான் சில வருஷங்களாக அணியோடு இருந்தும் ஒரு வெளிநாட்டு ஆட்டத்தில்கூடக் களம் இறங்கியதில்லை. இந்த முறை விட்டால் அடுத்த முறை என்று ஒன்று எனக்கு இல்லை. இது எனக்கும் தெரியும், மிஸ்ஸுக்கும் தெரியும். பியூமிக்கும் தெரியும் என்பதால் அவள் என்னோடு மிகவும் அன்பாக நடந்துகொண்டாள்.

மிஸ் சுற்றி வளைத்துப் பேசுகிற ஆள் இல்லை. "ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துப் பெண்கள் அணியோடு ஒரு பயிற்சி ஆட்டம். முதல் பாதி பியூமி நிற்பாள், இரண்டாம் பாதி ராணி நிற்பாள். யார் நன்றாக நிற்கிறாளோ அவள் வருவாள்" என்றார்.

வளர்ச்சி

அந்தக் காலத்தில் எங்களைப் பற்றிப் பேசிய எல்லோரும் "பெண்கள் உதைபந்தாட்ட வளர்ச்சி" என்ற சொல்லைப் பயன்படுத்தினார்கள். மேடையில் மாலை போட்டால் வளர்ச்சி, மாலையைக் கழற்றினால் கைதட்டல். வளர்ச்சி எங்கே நடக்கிறது என்று நானும் கவனமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

நான் சேர்ந்த புதிதில் எங்களுக்குக் கிடைத்தது ஆண்கள் அணியின் பழைய சட்டைகள். என் சட்டையின் கை, கையுறையையும் தாண்டி வந்தது. அப்புறம் எங்கள் அளவுக்கே சட்டை தைத்துக் கொடுத்தார்கள். அதை வளர்ச்சி என்றுதான் சொல்ல வேண்டும். பயிற்சி மைதானம் முதலில் ஆண்கள் அணிக்கு, பிறகு பாடசாலைப் பையன்களுக்கு, பிறகு நாய்களுக்கு, பிறகு எங்களுக்கு. என் காலத்திலேயே நாங்கள் நாய்களை முந்திவிட்டோம்.

ஆனால் நிஜமான வளர்ச்சி ஒன்றும் நடந்தது. எந்தெந்த ஊரிலிருந்தோ பெண்கள் வந்து சேர்ந்தார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து துவாரகா வந்தாள். பின்வரிசையில் இடது பக்கம் நிற்பாள். கல்லில் கால் பட்டாலும் கல்லைத்தான் பார்க்க வேண்டும், அப்படிப்பட்ட பெண். அவள் பேசுவதும் தமிழ், நான் பேசுவதும் தமிழ் என்பதால் மிஸ் எங்கள் இருவரையும் ஒரே அறையில் போட்டார். முதல் வாரம் நாங்கள் இருவரும் சிங்களத்தில் பேசிக்கொண்டோம்.

எங்கள் தோட்டத்துக்கு வந்த முதல் நாளே துவாரகாவின் கெண்டைக்காலில் அட்டை ஏறிவிட்டது. "ராணியக்கா, இது என்ன சனியன்! கழட்டவும் வருதில்லை!" என்று ஒற்றைக் காலில் குதித்தாள். தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் எங்கள் லயத்துக்கு அவளை அழைத்துப் போனேன். அம்மா ஒரு விரல் சுண்ணாம்பை எடுத்துத் தடவினார். அட்டை விழுந்தது. "இதுக்கா இந்தக் கத்து கத்துன? நல்ல குரல்தான் புள்ள உனக்கு" என்றார் அம்மா. அதன் பிறகு துவாரகா தினமும் எங்கள் வீட்டில்தான் ரொட்டி சாப்பிட்டாள். அட்டைக்கு மருந்து என்று காரணம் சொன்னாள்.

கூப்பிடுகிற வழக்கம்

இங்கே கொஞ்சம் தேயிலைக்குள் போக வேண்டும். போகாமல் அந்தக் கோலைப் பற்றிச் சொல்ல முடியாது.

அம்மா கொழுந்து எடுக்கிறவர். மலையில் பெண்கள் ஆளுக்கு ஒரு நிரை பிடித்து, வரிசையாக ஏறிக்கொண்டே எடுப்பார்கள். பனி இறங்கினால் பக்கத்து நிரையில் இருப்பவளே தெரியமாட்டாள். அப்போது ஒருத்தி "ஓ...ய்" என்று குரல் கொடுப்பாள். மற்றவர்கள் ஒவ்வொருவராகப் பதில் "ஓய்" சொல்ல வேண்டும். சிறுத்தை நடமாட்டம் உள்ள மலை, வழுக்குகிற கல், ஆள் உயரக் கான்கள். மழைத் தண்ணீர் ஓட வெட்டிய அந்தக் கான்களைச் செடி மூடியிருக்கும். அதனால் பனியில் கூப்பிட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டும். கோபமாக இருந்தாலும் சொல்ல வேண்டும். முதல் நாள் குழாயடியில் சண்டை போட்டவள் கூப்பிட்டாலும் சொல்ல வேண்டும்.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது செல்லம்மா அக்கா என்று ஒருவர் இருந்தார், அம்மாவின் பக்கத்து நிரை. ஒரு நாள் பனியில் யாரோ கூப்பிட்டார்கள். எல்லோரும் பதில் சொன்னார்கள். செல்லம்மா அக்கா சொல்லவில்லை. வெற்றிலை போட்டிருப்பாள், வாய் நிறைந்திருக்கும் என்று அம்மா உட்பட எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். பனி விலகிய பிறகுதான் அவர் கானுக்குள் கிடப்பது தெரிந்தது. இடுப்பு முறிந்திருந்தது. உயிருக்கு ஒன்றும் இல்லை, ஆனால் அதன் பிறகு அவர் மலை ஏறவில்லை. லயத்து வாசலில் உட்கார்ந்தபடியே எல்லோரையும் அதிகாரம் செய்துகொண்டு நீண்ட நாள் இருந்தார்.

எங்கள் தோட்டத்துப் பெண்கள் எல்லோருக்கும் இந்த வழக்கம் பாலோடு சேர்ந்து உள்ளே போனது. அந்த ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு எதிராக ஆடிய பதினொரு பேருக்கும் அப்படித்தான்.

இரண்டாம் பாதி

எங்கள் மைதானம் சாய்வானது. மேல் கோலிலிருந்து பந்தை விட்டால் கீழ்க் கோலுக்குத் தானாக வந்துவிடும், ஆள் தேவையில்லை. முதல் பாதியில் பியூமி மேல் கோலில் நின்றாள். வெயில் அடித்தது. தோட்டத்து அணி மூச்சு வாங்க மேலே ஏறி ஏறி இறங்கியது. பியூமிக்கு வேலையே இல்லை. நாங்கள் ஒரு கோல் போட்டிருந்தோம்.

இரண்டாம் பாதியில் நான் கீழ்க் கோலுக்கு வந்தேன். பனியும் வந்தது.

அம்மா வந்திருந்தார். நான் விளையாடுவதை அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை. மைதானத்தின் கரையில், லயத்துப் பெண்களோடு நல்ல சேலை கட்டி நின்றிருந்தார். பார்க்கிற அளவுக்கு ஏதாவது நடப்பதற்குள் அவரும் மறைந்துபோனார்.

தோட்டத்து அணியின் முன்வரிசையில் கௌசி இருந்தாள். எங்கள் லயத்தில் மூன்று கதவு தள்ளி வீடு, என் சிநேகிதி. பகலில் கொழுந்து எடுக்கிறவள், சாயங்காலம் பந்து உதைக்கிறவள். உதைத்தால் பந்துக்கு வலிக்கும். அவள் எங்கே நிற்கிறாள் என்று தெரியாமல் பனிக்குள் நிற்பது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. வாயைக் குவித்து, அம்மா மலையில் கூப்பிடுகிற மாதிரியே "ஓ...ய்" என்றேன்.

"ஓய்!" என்றது வலது பக்கத்திலிருந்து கௌசியின் குரல். இன்னும் இரண்டு "ஓய்" நடுவிலிருந்து வந்தன.

"வலது பக்கம் ஒருத்தி, நடுவில் இரண்டு பேர்!" என்று என் பின்வரிசைக்குச் சிங்களத்தில் சொன்னேன். அவர்கள் போய் நின்றார்கள். பந்து வந்தது. எடுத்துவிட்டார்கள்.

இது இப்படியே நடந்தது. பந்து வரும் சத்தம் கேட்டால் நான் கூப்பிடுவேன், தாக்க வருகிறவர்கள் மரியாதையாகத் தங்கள் இடத்தைச் சொல்வார்கள். கொஞ்ச நேரத்தில் கௌசிக்குப் புரிந்துவிட்டது. "ஏய், யாரும் பதில் சொல்லாதீங்கடி! அவ கூப்புட்டு கூப்புட்டுப் புடிக்கிறா!" என்று கத்தினாள். அவள் நிற்கிற இடம் அதிலேயே தெரிந்தது. மறுபடி "ஓ...ய்" என்றேன்.

"ஓய்! ச்சே!" என்றாள் கௌசி.

அவளும் புத்திசாலிதான். திருப்பி என்னைக் கூப்பிட ஆரம்பித்தாள். "ஓ...ய்! கீப்பரு! ஓ...ய்!" நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். பதில் சொல்லாமல் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. தும்மலை அடக்குகிற மாதிரி இருந்தது. ஆனால் விமானம் கண்ணுக்குத் தெரிந்தது. அந்தப் பனியில் எனக்குத் தெரிந்த ஒரே பொருள் அதுதான்.

அவள் கூப்பிட்டது எனக்குக் கேட்டது. கரையில் நின்றவர்களுக்கும் கேட்டது. எல்லோரும் குரல் கொடுக்கிறார்கள், ஒரு குரல் மட்டும் வரவில்லை என்பதும் கேட்டது.

"ஓ...ய்! ராணீ!" என்றார் அம்மா.

நான் பேசவில்லை. பந்து சாய்வில் உருண்டு வரும் சத்தம். அதைப் பிடிக்கக் கோலை விட்டு வெளியே வந்திருந்தேன்.

"ஓ...ய்! ராணி! எங்கடி இருக்க?"

பேசவில்லை.

மூன்றாவது தடவை கூப்பிட்டபோது அம்மாவின் குரல் மாறியிருந்தது. அந்தக் குரலை நான் அதற்கு முன் ஒரே ஒரு நாள் கேட்டிருக்கிறேன், செல்லம்மா அக்காவைக் கானிலிருந்து தூக்கிய நாள்.

"இங்கதாம்மா இருக்கேன்!" என்றேன்.

கௌசிக்கு அது போதும். சப்பாத்து பந்தில் பட்ட சத்தம் கேட்டது. என் தலைக்கு மேலே ஏதோ போனது. பிறகு பின்னாலிருந்து வலைச் சத்தம். வலை என்றால், மரக்கறி மூட்டை கட்டுகிற வலையைத் தைத்துக் கட்டியது. அதன் சத்தம் எனக்கு நன்றாகத் தெரியும்.

மைதானம் அமைதியாக இருந்தது. யாருக்கும் எதுவும் தெரியவில்லை. நடுவராக நின்ற தோட்டப் பாடசாலை மாஸ்டர் பனிக்குள்ளிருந்து கேட்டார், "ராணி, என்ன நடந்துச்சு? கோலா?"

பந்தையும் என்னையும் தவிர வேறு சாட்சி இல்லை. கோலுக்கு வெளியே போனது என்று சொல்லியிருந்தால் அது வெளியேதான் போயிருக்கும். ஆனால் கேட்டவர் பனிக்குள் நின்று கேட்டார்.

"கோல்தான் சார்" என்றேன்.

பதில்

பனி விலகிய பிறகு மிஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நன்றாகத்தானே போய்க்கொண்டிருந்தது? ஏன் வாயைத் திறந்தாய்?"

"அம்மா கூப்பிட்டார், மிஸ்."

"கூப்பிட்டால்?"

"பனியில் கூப்பிட்டால் பதில் சொல்ல வேண்டும், மிஸ்."

"அந்த நாட்டிலே பார்க்க வந்தவர்கள் யாராவது கூப்பிட்டாலும் சொல்வாயா?"

"அவர்கள் மொழி எனக்குத் தெரியாது, மிஸ்."

மிஸ் சிரிக்கவில்லை. அந்தக் கூப்பிடுகிற வழக்கம் எதற்கு என்று கேட்டார். செல்லம்மா அக்கா கதையைச் சொன்னேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பியூமியை எடுத்துக்கொண்டார்.

கௌசியின் தொலைபேசி எண்ணையும் வாங்கிக்கொண்டார். அடுத்த பயிற்சி முகாமுக்கு அவளுக்கு அழைப்பு வந்தது. தேசிய அணி எங்கள் மலைக்கு வந்தது மூச்சுக்காக, கொண்டுபோனது கௌசியை. இதையும் வளர்ச்சிக் கணக்கில் சேர்க்கலாம்.

அன்று சாயங்காலம் நான் அம்மாவிடம் பேசவில்லை. வெறுப்பாக இருந்தது. அழுகையும் வந்தது. அம்மா ரொட்டி சுட்டு வைத்தார். நான் தொடவில்லை. கடைசியில் எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"ஏம்மா கூப்புட்ட?"

"எல்லாப் புள்ளைகளும் குரல் குடுத்துச்சு. உன்னையத்தான் காணோம்."

"நான் கோல்லதாம்மா நின்னேன்! கோல் எங்கயும் போகாதும்மா!"

அம்மா அடுப்பில் ஒரு விறகைத் தள்ளினார். "செல்லம்மாவும் நிரையிலதான் நின்னா. நிரை எங்கயும் போகல."

ரொட்டியைச் சாப்பிட்டேன். கோபம் மட்டும் அப்படியே இருந்தது.

பீலிக்கரையில்

அணி வெளிநாட்டில் ஆடியபோது நான் லயத்தில் இருந்தேன். ஆட்டத்தைத் தொலைபேசியில் காட்டினார்கள். எங்கள் லயத்தில் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கிற ஒரே இடம், தண்ணீர் விழுகிற பீலிக்கரை. தொலைபேசியை ஒரு வாளியில் சாய்த்து வைத்துவிட்டு, கல்லில் உட்கார்ந்தேன். அம்மா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு துணி துவைத்தார். பார்க்கச் சொன்னேன். "அம்புட்டுச் சின்னதா இருக்குறத பாத்தா கண்ணு வலிக்கும். நான் கேட்டுக்கிறேன்" என்றார்.

மூத்த காப்பாளருக்குக் கையில் அடிபட்டிருந்ததால் பியூமி கோலில் நின்றாள். அவள் நின்ற இடத்தில் நான் நின்றிருக்க வேண்டும் என்று நினைத்தேன். நல்ல மனது என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஆசைதான், ஆனால் அவள் ஒரு கோலாவது வாங்க வேண்டும் என்றும் நினைத்தேன். அங்கே பனி இல்லை, நல்ல மழை. பார்க்க வந்த கூட்டமும் குறைவு, அதனால் மைதானத்துச் சத்தம் அப்படியே கேட்டது.

ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் பியூமி வாயைக் குவித்து, "ஓ...ய்" என்றாள்.

பின்வரிசையிலிருந்து நான்கு "ஓய்" வந்தன, ஒன்றன்பின் ஒன்றாக. நான் வாளிக்குப் பக்கத்தில் நகர்ந்தேன். மிஸ் அதை அணிக்குப் பழக்கியிருக்கிறார். சிங்களத்திலும் அதே சத்தம்தான் என்பதால் யாருக்கும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. எங்கள் மலைச் சத்தம் கடல் தாண்டிப் போய், யாரோ ஒரு குருநாகல் பெண்ணின் வாயிலிருந்து வந்தது. என்னைக் கூட்டிப்போகாமல் அதை மட்டும் கூட்டிப்போயிருக்கிறார்களே என்று எரிச்சலாக இருந்தது. பெருமையாகவும் இருந்தது. இரண்டும் சேர்ந்து வந்தால் என்ன முகம் வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஆட்டம் முடிகிற நேரம். இரண்டு பக்கமும் கோல் இல்லை. பந்து பியூமியிடம் இருந்தது. "ஓ...ய்" என்றாள். பதில் வந்தது.

அம்மாவின் கை துணியில் நின்றது. "ஒண்ணு குறையுதே" என்றார்.

"என்னது?"

"அந்த யாழ்ப்பாணத்துப் புள்ள. அது குரல் வரல."

திரையில் ஒன்றும் தெரியவில்லை. பந்து இருக்கிற பக்கத்தைத்தான் காட்டுகிறார்கள். பியூமி இன்னொரு தடவை கூப்பிட்டாள். மறுபடியும் மூன்றுதான். அவள் இடது பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு, கையில் இருந்த பந்தை, உதைத்து முன்னால் அனுப்ப வேண்டிய அந்தப் பந்தை, எல்லைக் கோட்டுக்கு வெளியே எறிந்துவிட்டு ஓடினாள். அப்போதுதான் திரை திரும்பியது. மூலையில் துவாரகா விழுந்து கிடந்தாள். கால் தசை பிடித்து இழுத்திருந்தது. நடுவர்கூடப் பார்த்திருக்கவில்லை.

அவளைத் தூக்கி வெளியே உட்கார வைத்தார்கள். பந்தை எதிரணி எறிந்து தொடங்கியது. இப்படிப்பட்ட நேரத்தில் பந்தைத் திருப்பிக் கொடுப்பது மரியாதை. அவர்கள் கொடுக்கவில்லை. துவாரகா இல்லாத இடது பக்கமாகவே வந்து கோலைப் போட்டுவிட்டார்கள். நாங்கள் தோற்றோம்.

பியூமி ஒரு கோல் வாங்க வேண்டும் என்று நான் நினைத்தது நடந்துவிட்டது. ஆனால் சந்தோஷம் வரவில்லை.

திரையில் மிஸ் தெரிந்தார். பியூமி தலையைக் குனிந்துகொண்டு அவர் பக்கமாக நடந்து வந்தாள். இப்போது வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறாள் என்று எனக்குத் தெரியும், நானும் வாங்கியவள்தானே. ஆனால் மிஸ் தன் மழைச்சட்டையைக் கழற்றி அவள் தோளில் போட்டார்.

ஆட்டம் என்ன ஆனது என்று அம்மா கேட்பார், தோற்றுப்போனோம் என்று சொல்ல வேண்டும் என்று குரலைச் சரி செய்துகொண்டேன்.

அம்மா திரும்பாமலே கேட்டார். "அந்தப் புள்ள எந்திரிச்சிருச்சா?"

"எந்திரிச்சிருச்சும்மா."

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டு, அடுத்த துணியை எடுத்தார்.